தெருச் சருகுக்கு 9 லட்சத்தில் மெஷின் வாங்கலாமா?

நான்காம்தெரு, ஆதம்பாக்கம்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் தெருக் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் எழுதுகிறேன். தொலைபேசி நிலையத்தில் 34 வருடம் வேலை பார்த்துவிட்டு ஓய்வு. பொதுக்குழுவில் வேறு யாரும் கை தூக்காததால் செயலாளர் பதவி என் தலையில் விழுந்தது. தகுதி அவ்வளவுதான்.

விஷயம் சருகு. எங்கள் தெருவில் 42 மரங்கள். வர்தா புயலுக்கு முன்னால் 60க்கு மேல் இருந்தன. 2016 டிசம்பர் 12 அன்று ஒரே மத்தியானத்தில் மீதியெல்லாம் படுத்துவிட்டன. இப்போது இருப்பதில் பெரும்பாலும் புங்கை, வேம்பு. தூங்குமூஞ்சி மூன்று. நாட்டு வாதாம் நாலு, அதன் இலை ஒவ்வொன்றும் தோசைத் திருப்பி அளவு. மாசி பிறந்து உதிர ஆரம்பித்தால் சித்திரை வரை ஓயாது.

போன வாரம் பழைய பேப்பர்காரரின் தராசைக் கடன் வாங்கி ஏழு நாளும் சருகை எடை போட்டேன். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். தினம் சராசரியாகப் பெரிய கோணியில் 15 மூட்டை. ஒரு மூட்டை எத்தனை கிலோ என்று நினைக்கிறீர்கள்? ஐந்து, மிஞ்சினால் ஆறு. ஆக 80 கிலோ. இந்த 80 கிலோதான் தெருவையே அடைத்துக்கொண்டு நிற்கிறது. பேட்டரி வண்டியில் நாலு மூட்டை ஏற்றினால் இடம் தீர்ந்துவிடும், வீட்டுக் குப்பைக்கு இடமில்லை. அதனால் மீதியை ஓரமாகக் குவித்துக் கொளுத்துகிறார்கள். பெருக்குகிற அம்மாக்களைக் குறை சொல்லவில்லை. 15 மூட்டையை அவர்கள் எங்கே கொண்டுபோவார்கள்?

எனக்கு இளைப்பு உண்டு. 2016ல் வந்த திடக்கழிவு விதிகளிலேயே தெருவில் எரிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அதே வருடம் பசுமைத் தீர்ப்பாயம் சும்மா எரித்தால் 5,000 ரூபாய், மொத்தமாக எரித்தால் 25,000 அபராதம் என்று உத்தரவு போட்டது. அதைத் தமிழில் எழுதி, லேமினேட் செய்து வேப்பமரத்தில் கட்டினேன். மறுநாள் அந்த மரத்தடியிலேயே புகை.

இந்த நேரத்தில்தான் சங்கக் கூட்டத்துக்கு ஒரு கம்பெனி ஆள் வந்தார். பெயர் வேண்டாம். சருகை ஒரு பக்கம் போட்டால் மறுபக்கம் உருளை உருளையாக எரிகட்டி, அதாவது விறகு மாதிரி எரிக்கிற கட்டி, வரும், பாய்லர் வைத்திருக்கிற தொழிற்சாலைக்காரர்கள் வரிசையில் நின்று வாங்குவார்கள், இரண்டே வருடத்தில் போட்ட முதல் கைக்கு வரும் என்று லேப்டாப்பில் படம் காட்டினார். விலை 9 லட்சம், ஜிஎஸ்டி தனி. "பக்கத்து நாலு தெருவும் சேருங்கள், பாரம் தெரியாது" என்றார். எங்கள் தலைவருக்கு ஆசை வந்துவிட்டது.

எனக்கோ மனதில் வேறு படம். சின்ன வயதில் எங்கள் வீட்டில் மரத்தூள் அடுப்பு. மர அறுப்பு மில்லில் தூள் வாங்கி வந்து, நடுவில் சோடா பாட்டிலை நிறுத்திச் சுற்றிலும் இடித்து அடைத்து, பாட்டிலை மெல்ல உருவினால் குழாய் மாதிரி துளை. கீழே பற்றவைத்தால் ஒரு வேளைச் சமையல் முடியும். பாட்டிலை உருவுகிற வேலை என்னுடையது. யாரும் 9 லட்சம் போடவில்லை. அப்புறம் தெருமுனை மாவு மில். வீட்டுக்கு வீடு மில் வாங்கினோமா என்ன? சருகுக்கும் அப்படிப் பொதுவாக ஒன்று இருக்க முடியாதா?

இது தெரு அளவில் நடக்கிற காரியமா, நாலு தெரு சேர்ந்தால் கணக்கை யார் பார்ப்பது, செய்து பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். "மாநகராட்சியில் புகார் கொடுங்கள்" என்ற பதில் மட்டும் வேண்டாம், கொடுத்தாகிவிட்டது.

தாம்பரம் லோக்கல்

எங்கள் அப்பார்ட்மெண்டில் இப்படி ஒன்று வாங்கினோம். சருகுக்கு அல்ல, சமையலறைக் கழிவுக்கு. 24 மணி நேரத்தில் உரம் என்றார்கள். அது ஹீட்டர் வைத்துக் குப்பையைக் காயவைக்கிற பெட்டி, அவ்வளவுதான். பழுப்பாகப் பொடியாக வரும், பார்த்தால் உரம் மாதிரியே இருக்கும். செடிக்குப் போட்டுத் தண்ணீர் ஊற்றியதும் மறுபடி அழுக ஆரம்பித்தது. மூன்றாம் மாடி வரை வாசனை. கரண்ட் பில் வந்த மாதம் நிறுத்தினோம். இப்போது அதன்மேல் மணிபிளாண்ட் வைத்திருக்கிறோம், நன்றாக வளர்கிறது.

பட்டறைக்காரன், அம்பத்தூர்

சார், வாங்காதீர்கள். மெஷின் செய்து பிழைக்கிற நானே சொல்கிறேன். லேத், ஃபேப்ரிகேஷன் என்று தொழிற்பேட்டையில் 22 வருடமாக இருக்கிறேன். எரிகட்டி பிரஸ்ஸுக்கு டை (கட்டிக்கு உருவம் கொடுக்கிற அச்சு) கடைந்து கொடுத்திருக்கிறேன், அதனால் அதன் குணம் தெரியும்.

அந்த மெஷின் பசை எதுவும் போடாமல் கட்டி பிடிக்கிறது. அழுத்தத்திலும் சூட்டிலும் மரநாரில் இருக்கிற லிக்னின் இளகி, ஆறியதும் அதுவே பசையாகிறது. அதற்கு மூன்று கண்டிஷன். தூள் பொடியாக இருக்க வேண்டும். ஈரம் 10, 12 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கூடினால் டைக்குள் நீராவி கட்டிப் பட்டாசு மாதிரி வெடித்துத் துப்பும். மூன்றாவது, தீனி நிற்கக் கூடாது. சின்ன பிரஸ்ஸே மணிக்கு அரை டன் தின்னும், 50 எச்.பி. வாக்கில் மோட்டார் கேட்கும். உங்கள் தெருவில் 80 கிலோ, நாலு தெருவுக்கு 320 கிலோ என்றே வைத்துக்கொள்ளுங்கள். 40 நிமிட வேலை. டை சூடேறி முடிப்பதற்குள் உங்கள் சருகு தீர்ந்துவிடும். மீதி நாள் முழுக்க அதற்கு என்ன வேலை, துணி காயப்போடவா?

அதைவிடப் பெரிய வில்லன் மணல். காட்டிலோ தோப்பிலோ கிடக்கிற இலை வேறு, சென்னைத் தெருவில் துடைப்பத்தால் கூட்டுகிற சருகு வேறு. ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு கை சருகைப் போட்டு அலசிவிட்டு, தண்ணீரை மெதுவாகக் கொட்டிப் பாருங்கள். அடியில் நிற்கிற மணலைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். அந்த மணல் டையை உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். பாய்லரில் போனால் உருகிக் கல்லாகக் கட்டும். மரக்கட்டை 100 கிலோ எரித்தால் சாம்பல் ஒன்றிரண்டு கிலோ. இலை சுத்தமாகவே இருந்தாலும் 10 கிலோ பக்கம் போகும், மணலோடு சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

சரி, என்ன செய்யலாம்? எடை போட்டுப் பார்த்தீர்களே, விடை அதிலேயே இருக்கிறது. குட்டியானை வண்டி முக்கால் டன் இழுக்கும். அதில் உங்கள் கோணியை அடுக்கினால் 60 மூட்டைக்கு மேல் நிற்காது. 330 கிலோ. பாதி வண்டி காற்றைச் சுமந்துகொண்டு போகிறது, டீசல் முழு வண்டிக்கு. ஆகவே முதல் வேலை இலை விழுந்த இடத்திலேயே நடக்க வேண்டும்: சலிக்க, காயவைக்க, துண்டாக்க. துண்டாக்கினால் நாலு மூட்டை ஒரு மூட்டையாக அடங்கும். அதற்கு மேல் என்ன செய்வதாக இருந்தாலும், உரமோ எரிகட்டியோ, அது வேறு இடத்தில், வேறு ஆள் செய்யட்டும்.

மாவு மில் உதாரணம் அருமை. ஒரு திருத்தம் மட்டும். மாவு மில்லுக்குத் தானியம் போகும், ஏனென்றால் தானியம் கனம், சின்ன டப்பாவில் அடங்கும். சருகு அப்படிப் போகாது. இங்கே மில்தான் நடக்க வேண்டும். 3 எச்.பி. சிங்கிள் ஃபேஸ் மோட்டார், சுத்தியல் மாதிரி பிளேடு போட்ட சின்ன ஷ்ரெடர் (துண்டாக்குகிற மெஷின்), கீழே ஒரு அங்குலச் சல்லடை. இதைத் தள்ளுவண்டியில் ஏற்றித் தெருவுக்கு ஒரு நாள் என்று முறை வைத்தால் நாலு தெருவுக்கு ஒன்று போதும்.

பிளேடு லாரி ஸ்பிரிங் பட்டையில் வெட்டினது என்றால் தேய்மானம் குறைவு. சருகு போடுகிற வாய் உங்கள் கை நீளத்தைவிட நீளமாக இருக்க வேண்டும். இதில் மட்டும் சமரசம் வேண்டாம், விரல் போனவர்களை எனக்குத் தெரியும். பச்சைக் கொடியும் பூமாலை நாரும் ஷாஃப்ட்டில் சுற்றும், அவற்றைத் தனியாக எடுங்கள். வீட்டு எக்ஸ்டென்ஷன் பெட்டியில் சொருகி ஓட்டாதீர்கள், மோட்டார் கிளம்பும்போது இழுக்கிற கரண்டில் பெட்டி உருகிவிடும். பொது மீட்டரில் போடுவதாக இருந்தால் மின்வாரியத்தில் கேட்டுவிடுங்கள்.

நான்காம்தெரு, ஆதம்பாக்கம்

சார் இல்லை, அம்மா. பரவாயில்லை, தொலைபேசியில் பேசியே 34 வருடம் "சார்" என்று கேட்டுப் பழகிவிட்டது.

வாளிச் சோதனை செய்தேன். அரை டம்ளர் மணல்! நாங்கள் இவ்வளவு நாளும் மணலுக்கும் சேர்த்து எடை போட்டிருக்கிறோம். தலைவரிடம் அந்த டம்ளரைக் கொண்டுபோய்க் காட்டினேன், அரை மனதாக ஒத்துக்கொண்டார்.

இன்னொன்று. தெருமுனையில் இளநீர் வண்டி இருக்கிறது. வெயில் காலத்தில் தினம் 100 காய் விற்கிறார். அந்தக் கூடும் எங்கள் தலையில்தான். மாநகராட்சி இளநீர்க் கூட்டைத் தனியாக எடுத்துக் கொடுங்கையூர் பக்கம் நாராக்குகிறது என்கிறார்கள், எங்கள் முனைக்கு அந்த வண்டி நினைத்தால் வரும். அதைக் கரியாக்கலாம் என்று ஒருவர் சொல்கிறார். முடியுமா?

கரிமூட்டம்

அம்மா, எனக்குச் சொந்த ஊர் அருப்புக்கோட்டை பக்கம். தாத்தா மூட்டம் போட்டவர், நான் கிண்டியில் கம்ப்யூட்டர் தட்டுகிறேன். ஆனால் புகையைப் பார்த்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று இன்னும் சொல்வேன்.

விருதுநகர், ராமநாதபுரம், சிவகங்கை பக்கமெல்லாம் சீமைக்கருவேலந்தான் விறகு. வெட்டி, நெருக்கி அடுக்கி, மேலே இலைதழை போட்டு மண் பூசி மூடி, ஒரு வாயில் தீ வைப்பார்கள். உள்ளே காற்று போதாததால் எரிய முடியாமல் வெந்து கரியாகும். முதலில் வெள்ளைப் புகை வரும், அது தண்ணீர். அப்புறம் கெட்டியாக, கண்ணை எரிக்கிற புகை. கடைசியில் நீலமாக மெலிந்து வந்தால் வெந்துவிட்டது, துளைகளை அடைக்க வேண்டும். நள்ளிரவில் மண் ஒரு இடத்தில் உள்வாங்கினால் காற்று புகுந்து மொத்தமும் சாம்பலாகிவிடும். அதனால் தாத்தா அங்கேயே கயிற்றுக் கட்டிலில் படுப்பார். நாலு கிலோ விறகு வைத்தால் ஒரு கிலோ கரி என்பது நல்ல மூட்டம்.

பட்டறை அண்ணன் சொன்ன கணக்குத்தான் இதுவும். நாலு வண்டி விறகைச் சுமப்பதற்குப் பதில் வெட்டின இடத்திலேயே ஒரு வண்டிக் கரியாக்கிச் சுமந்தார்கள். காங்கேயம் பக்கம் கொட்டாங்குச்சி போகிற வழியும் அதேதான். சின்னச் சின்ன இடங்களில் சுட்ட கரி ஒன்றுசேர்ந்து தொழிற்சாலைக்குப் போய், அங்கே நீராவி விட்டு ஆக்டிவேட்டட் கார்பன் ஆகிறது. உங்கள் வீட்டுத் தண்ணீர் ஃபில்டருக்குள் கறுப்பாக இருப்பது அந்த வகைக் கரிதான்.

இதை ஆதம்பாக்கத்தில் செய்ய முடியுமா என்றால், இளநீர்க் கூட்டை வைத்து நினைக்கவே வேண்டாம். முற்றின தேங்காயின் ஓடு வேறு, இளநீர்க் கூடு வேறு. பச்சைக் கூட்டில் 100க்கு 80 பங்குக்கு மேல் தண்ணீர். அதை விறகு வைத்து எரிக்கிற மாதிரி ஆகும். ஒரு நல்ல அரிவாள் ஆளை வைத்து வெட்டின அன்றைக்கே நாலாகப் பிளந்து மொட்டை மாடியில் போட்டால், அக்னி நட்சத்திர வெயிலில் ஒரு வாரத்தில் சுருங்கிவிடும். முழுசாகப் போட்டால் மழைத் தண்ணீர் தேங்கி டெங்கு கொசுவுக்கு வீடு.

சருகைக் கரியாக்குவதும் சரிவராது. இலை ஒன்றன்மேல் ஒன்று படிந்து காற்றை அடைத்துவிடும், வெறும் புகைதான். தென்னை மட்டை, பாளை, கவாத்து செய்த சுள்ளி, இவை நன்றாக வரும். கூம்பு மாதிரிக் குழி அல்லது தகரத் தொட்டியில் மேலே எப்போதும் தீ இருக்கும்படி மெல்லிய அடுக்காகப் போட்டுக்கொண்டே போனால், கீழிருந்து வருகிற புகையை மேலே இருக்கிற தீயே தின்றுவிடும். நிறைந்ததும் தண்ணீர் ஊற்றி அணைக்க வேண்டும். கோன்டிக்கி என்று பெயர் வைத்து உலகம் முழுக்கச் செய்கிறார்கள். ஆனால் நடுத்தெருவில் ஒரு ஆள் உயரத் தீயைப் பார்த்தால் பக்கத்து வீட்டுக்காரர் ஃபயர் சர்வீசுக்குப் போன் போடுவார். நானாக இருந்தாலும் போடுவேன். ஊருக்கு வெளியே, தோப்பு வைத்திருக்கிற யாராவது செய்யட்டும்; நீங்கள் சுள்ளியை மட்டும் தனியாகக் கட்டி வையுங்கள்.

மாடித்தோட்டம், விருகம்பாக்கம்

அக்கா, எல்லோரும் எரிப்பதைப் பற்றியே பேசுகிறார்கள். சருகை எதற்கு எரிக்க வேண்டும்? எனக்குக் கொடுங்கள்!

நான் ஆறு வருடமாக மாடியில் உரம் செய்கிறேன். எங்களை மாதிரி ஆட்களுக்குக் காய்கறிக் கழிவு தாராளம், பஞ்சம் காய்ந்த சாமான்தான். காய்கறித் தோலில் தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகம், தனியாக வைத்தால் தண்ணீர் விட்டு நாறும். சருகில் கரிச்சத்து (கார்பன்) அதிகம், தனியாக வைத்தால் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். இரண்டும் சேர்ந்து கரிச்சத்து 25, 30 பங்குக்குத் தழைச்சத்து ஒரு பங்கு என்று வந்தால் குவியல் தானாகச் சூடாகும். நான் அளவுகோல் எதுவும் வைப்பதில்லை, ஒரு பக்கெட் கழிவுக்கு இரண்டு பக்கெட் துண்டாக்கிய சருகு. கையில் பிடித்துப் பிழிந்தால் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது. நடுவில் ஒரு இரும்புக் கம்பியைச் சொருகி, மூன்றாம் நாள் உருவிப் பாருங்கள், பிடிக்க முடியாத சூடு இருக்கும். 55 டிகிரிக்கு மேல் சில நாள் நின்றால் களை விதை, புழு முட்டையெல்லாம் செத்துவிடும்.

இதுவரை நான் சந்தையில் தேங்காய் நார்த்துகள் கட்டி (கோகோபீட்) வாங்கித்தான் கலந்தேன். காசு கொடுத்து வாங்குகிற பொருள் அக்கா அது. உங்கள் தெருவில் அதன் வேலையைச் செய்கிற ஒன்றைத் தினமும் கொளுத்துகிறீர்கள்.

இளநீர் நார் பற்றி ஒரு வார்த்தை. நார்த்துகளை அப்படியே தொட்டியில் போட்டால் உப்பு இருக்கும், இரண்டு மூன்று தரம் அலச வேண்டும். மொத்தமாகச் செய்கிறவர்களுக்குக் கோவை வேளாண் பல்கலைக்கழகம் ஒரு முறை சொல்லியிருக்கிறது: ஒரு டன் துகளுக்கு 5 கிலோ யூரியா, 5 பாட்டில் சிப்பிக்காளான் வித்து, அடுக்கு அடுக்காகப் போட்டு நிழலில் ஈரம் காயாமல் இரண்டு மாதம். 112க்கு 1 என்று இருக்கிற கரி-தழை விகிதம் 24க்கு 1 என்று இறங்கிவிடும். தெருவுக்கு இது அதிகம்தான், ஆனால் காளான் அந்த முரட்டு நாரைத் தின்கிறது என்பதே எனக்கு அதிசயமாக இருக்கிறது.

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் 200 பேர் இருக்கிறோம். துண்டாக்கிச் சலித்து 10 கிலோ மூட்டையாகக் கட்டினால் கிலோ 4 ரூபாய்க்கு எடுத்துக்கொள்வோம். புங்கை, வேம்பு கலந்தது என்றால் சந்தோஷம். வாதாம் இலை மட்டும் நன்றாகத் துண்டாக வேண்டும், முழு இலை பாய் மாதிரி படிந்து தண்ணீரை உள்ளே விடாது.

செங்குன்றம் எரிபொருள்

நான் பாய்லர்களுக்கு எரிகட்டி சப்ளை செய்கிறேன். ஒளிக்காமல் சொல்கிறேன்: தெருச் சருகில் செய்த கட்டியை எவரும் வரிசையில் நின்று வாங்கமாட்டார். கடலைத்தொலி, மரத்தூள் என்றால் பேசலாம். உங்களிடம் சுள்ளியும் தென்னை மட்டையும் காய்ந்து இரண்டு டன் சேர்ந்தால் கூப்பிடுங்கள், வண்டி அனுப்புகிறேன். ஈரம் பார்த்து விலை. உப்புச் சோதனை செய்து வையுங்கள்: காய்ந்த பாட்டிலில் தூளும் காய்ந்த உப்பும் போட்டுக் குலுக்குங்கள், உப்பு கண்ணாடியில் ஒட்டினால் இன்னும் வெயில் வேண்டும் என்று அர்த்தம்.

பால்சங்கத்துப் பையன்

மெஷின் விஷயத்தை விட்டுவிட்டு அந்தம்மா கடைசியாகக் கேட்ட கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே: கணக்கை யார் பார்ப்பது? இந்த மாதிரிக் காரியங்கள் மெஷினால் கெடுவதைவிடக் கணக்கு நோட்டால் கெடுவதுதான் அதிகம்.

செய்யாறு பக்கம் எங்கள் கிராமத்தில் அப்பா பால் சங்கச் செயலாளர். காலை ஐந்தரைக்குத் தூக்குவாளியோடு வரிசை. ஒவ்வொருவர் பாலும் அளந்து, கண்ணெதிரே லாக்டோமீட்டர் விட்டு, கொழுப்புக்கு மாதிரி எடுத்து, அவரவர் அட்டையில் எழுதிக் கையில் கொடுப்பார். இரண்டு லிட்டர் ஊற்றுகிற பாட்டிக்கும் 20 லிட்டர் ஊற்றுகிற பண்ணைக்காரருக்கும் ஒரே வரிசை, ஒரே சோதனை. தண்ணீர் கலந்தால் ஊர் முன்னால் தெரிந்துவிடும். அதற்குப் பயந்தே பாதிப் பேர் ஒழுங்காக இருந்தார்கள். ஆவின் என்ற பெயர் வருவதற்கு முன்னாலும் பின்னாலும் கிராமத்தில் அந்த வரிசைதான் எல்லாமே. கிராமச் சங்கம், மாவட்ட ஒன்றியம், மேலே 1981ல் வந்த மாநில இணையம் என்று மூன்று அடுக்கு. கறவை வீட்டில், குளிரூட்டுவது ஒன்றியத்தில், பாக்கெட் ஆலையில். யாரும் வீட்டுக்கு வீடு பால் பவுடர் மெஷின் வாங்கச் சொல்லவில்லை.

சென்னைக்கே இது புதிதல்ல. திருவல்லிக்கேணியில் 1904ல் சில பேர் சேர்ந்து அரிசி பருப்பை மொத்தமாக வாங்கிப் பங்கு போட்ட கூட்டுறவுச் சங்கந்தான் இன்றைக்கும் டியுசிஎஸ் என்று போர்டு மாட்டிக்கொண்டு நிற்கிறது.

உங்களுக்கு நான் சொல்வது: ஒவ்வொரு தெருவின் மூட்டையும் எடை போட்டபின் வாளிச் சோதனை செய்து மணலைக் கழியுங்கள். எல்லாத் தெருக்காரர் முன்னாலும் செய்யுங்கள். ஷ்ரெடர் யார் பெயரில் என்பதை முதல் நாளே எழுதுங்கள். தனி ஆள் பெயரில் பில் வேண்டாம். பிளேடு உடைந்தால் எந்தத் தெரு மூட்டையில் உடைந்ததோ அந்தத் தெரு பாதி, பொதுப்பணம் பாதி. அப்புறம், பெருக்குகிற அம்மாக்களுக்குப் பங்கு வையுங்கள். சலிப்பதும் பிரிப்பதும் அவர்களுக்குக் கூடுதல் வேலை. அதைச் சும்மா செய்யச் சொன்னால் மறுபடி தீக்குச்சிதான்.

நான்காம்தெரு, ஆதம்பாக்கம் (ஆனி மாதம்)

மன்னியுங்கள், பதில் போட மூன்று மாதம் ஆகிவிட்டது. 9 லட்சம் கம்பெனிக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். அவர் இன்னும் வாரம் ஒரு முறை குட்மார்னிங் அனுப்புகிறார், ரோஜாப்பூ படத்தோடு.

நாலு தெரு என்று ஆரம்பித்தோம், நின்றது இரண்டு. ஒரு தெருவில் சத்தம் ஆகாது என்றார்கள். இன்னொரு தெருவில் சத்தம் பிரச்சினையில்லை, எங்கள் தலைவரும் அவர்கள் தலைவரும் பேசிக்கொள்வதில்லை, அதுதான் பிரச்சினை. வாளிச் சோதனையில் தங்கள் சருகில் மணல் அதிகம் என்று எல்லோர் முன்னாலும் தெரிந்தது அந்தத் தெருத் தலைவருக்குப் பிடிக்கவில்லை. பால் சங்கத் தம்பி, உங்கள் வைத்தியம் வேலை செய்தது, கொஞ்சம் அதிகமாகவே.

பழைய ஷ்ரெடர் ஒன்று 46,000க்குக் கிடைத்தது. சங்கத்தின் பெயரில்தான் பில். பட்டறைத் தம்பி சொன்னபடி வாயை நீட்டி, சக்கரம் மாட்டினோம். முதல் வாரமே படீர் என்று ஒரு சத்தம். எடுத்துப் பார்த்தால் எவர்சில்வர் ஸ்பூன். யார் வீட்டு ஸ்பூன் என்று இரண்டு நாள் விசாரணை. ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் அதற்கப்புறம் சருகில் ஸ்பூன் வரவில்லை. சல்லடைக்குக் கட்டுமானத்தில் மணல் சலிக்கிற வலையையே சாய்த்து நிறுத்தினோம். சலித்த மணலை வைத்துத் தெருவில் இரண்டு பள்ளத்தை மூடினோம் என்றால் நம்புவீர்களா?

கணக்கு இதுதான். மாதச் செலவு 5,900: பெருக்குகிற இரண்டு பேருக்கு ஆளுக்கு 2,500, கரண்ட் 600, பிளேடு சாணை 300. மாடித்தோட்டக் குழு மாதம் 1,050 கிலோ எடுத்தது, 4,200 ரூபாய். இரண்டு தெருவுக்கும் 85 வீடு, வீட்டுக்கு 20 ரூபாய் துண்டு விழுகிறது. அதைச் சந்தாவோடு வாங்கிக்கொள்கிறோம். தலைவர் இதை நஷ்டம் என்கிறார். நான் இந்த மூன்று மாதத்தில் இன்ஹேலர் ஒன்றுதான் வாங்கினேன், முன்பெல்லாம் மாதம் ஒன்று.

இளநீர்க்காரர் விஷயத்தில் தோல்விதான். பிளந்து கொடுக்க அவருக்கு நேரமில்லை, எங்களுக்கு அரிவாள் ஆள் கிடைக்கவில்லை. கூடு பழையபடி முனையில் குவிகிறது. சுள்ளி மட்டும் ஒரு டன்னுக்குப் பக்கமாகச் சேர்ந்திருக்கிறது. செங்குன்றம்காரரே, இரண்டு டன்தான் வேண்டும் என்பீர்களா, கொஞ்சம் இறங்கி வருவீர்களா?

இப்போது புதுத் தலைவலி. மாசி, பங்குனியில் வந்த அளவு சருகு இனி வராது, ஆனால் தோட்டக்காரர்களுக்கு வருடம் முழுக்க வேண்டுமாம். துண்டாக்கியது 130 மூட்டை கையில் இருக்கிறது. இப்போதைக்கு என் வீட்டு கார் ஷெட்டில் அடுக்கியிருக்கிறேன்; கார் தெருவில் நிற்கிறது, வீட்டில் அதற்குத் தனி வழக்கு ஓடுகிறது. ஐப்பசி மழை வருவதற்குள் தரையிலிருந்து ஈரம் ஏறாமல், எலி புகாமல், தீப்பிடிக்காமல் இதை வைக்க என்ன வழி? மரப்பலகை மேல் அடுக்கித் தார்ப்பாய் போட்டால் உள்ளே வேர்க்கிறது. மேலே காற்று போக எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.